வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. திருவாரூர் பக்கம் சொந்த ஊர். நாற்பது வருடம் நடவு, களையெடுப்பு என்று வயலிலேயே இருந்தவர். அப்பா இறந்தபிறகு நான்கு வருடமாக எங்களுடன் சென்னையில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறார். ஆறு மாதமாக இடுப்பிலும் தொடையிலும் வலி. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றித்தான் எழுகிறார். படி ஏறப் பயப்படுகிறார். இரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 9 என்று வந்தது. 60,000 யூனிட் பொடிப் பாக்கெட் எட்டும், கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வாரம் ஒரு பாக்கெட் என்றார் டாக்டர். சீக்கிரம் குணமாகத் தினமும் ஒன்று கொடுக்கலாமா? எதிர் வீட்டம்மா ஒரே ஊசியாகப் போட்டுக்கொண்டாராம். அம்மா தினமும் காலை ஆறரை மணிக்குக் கண்ணாடி போட்ட பால்கனியில், வலிக்கிற காலை வெயிலில் நீட்டி உட்காருகிறார். பலன் இல்லை. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறார். கால்சியம் மாத்திரை போட்டால் கிட்னியில் கல் வரும் என்கிறார்களே, உண்மையா? கூடவே எனக்கும் (வயது 41) டெஸ்ட் எடுத்தோம். 22 என்று வந்தது, பக்கத்தில் ‘குறைவு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். நானும் போட்டுக்கொள்ள வேண்டுமா? வெயிலிலேயே கிடந்த உடம்புக்கு எப்படி டி குறைந்தது என்பதுதான் எங்களுக்குப் புரியவில்லை.

வாசகி, சென்னை

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று நாள் அப்படிக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம். இதோடு நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

கணக்கைப் பாருங்கள். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் டி போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் ஒரு பாக்கெட் நூறு நாளைக்கான டி. வாரம் ஒன்று என்று கொடுக்கும்போது நாளொன்றுக்கு எட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம் வருகிறது. அதுவே அதிகம்தான், காலியான களஞ்சியத்தை நிரப்புவதற்காக, எட்டு வாரம் மட்டும் கொடுக்கிற அளவு. மருத்துவர் பார்வை இல்லாமல் நெடுநாள் எடுப்பவர் நாளுக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது என்பதுதான் பொதுவான வரம்பு. தினமும் 60,000 என்பது அதைப்போல பதினைந்து மடங்கு.

ஒரு பெரியவரை இரவு நேரத்தில் கூட்டிவந்தார்கள். ஒரு வாரமாக வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். அன்று காலையிலிருந்து பேச்சு குழறி, இன்று என்ன கிழமை என்றே அவருக்குத் தெரியவில்லை. பக்கவாதம் என்று பயந்துபோயிருந்தது குடும்பம். பார்த்தால் இரத்தத்தில் கால்சியம் 14. பத்தரையைத் தாண்டினாலே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். டாக்டர் சீட்டில் ‘வாரம் ஒன்று’ என்று தெளிவாகத்தான் இருந்தது. கடையில் பழக்கதோஷத்தில் உறைமேல் 1-0-0 என்று எழுதிவிட்டார்கள். காலையில் ஒன்று என்று அவரும் ஒழுங்காக, ஒரு நாள் விடாமல், மாதக்கணக்கில் சாப்பிட்டிருக்கிறார். சரியாகப் பல வாரம் ஆனது, சிறுநீரகமும் கொஞ்சம் அடிவாங்கியது. அதனால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் தினசரி காலண்டர் இருக்குமே, அதில் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பாக்கெட்டைப் பாலில் கலந்து கொடுத்துவிட்டு, வட்டத்தை அடித்துவிடுங்கள். டி கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் போவதைவிட எண்ணெய், நெய் கலந்த சாப்பாட்டோடு போனால் நன்றாக ஏறும்.

வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் இப்படி ஆகாது. அதிலேயே உங்கள் அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. தோலில் கொலஸ்ட்ராலுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் இருக்கிறது. புறஊதாக் கதிர்களில் ‘பி’ என்று ஒரு வகை உண்டு. அது பட்டதும் அந்தப் பொருள் டி ஆகும் வழியில் ஒரு படி மாறுகிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே முழு டி ஆகிவிடுகிறது. வெயில் இன்னும் பட்டுக்கொண்டே இருந்தால், மிகுதியாக உண்டானதை அதே வெயில் உடைத்து உபயோகமில்லாத வேறு பொருளாக்கிவிடும். தோலில் பிரேக் இருக்கிறது. வாயில் அது கிடையாது. போட்டதெல்லாம் உள்ளே போகும்.

சரி, நாற்பது வருட வெயில் எங்கே போயிற்று? டி சேமிப்புப் பத்திரம் இல்லை. டெஸ்டில் அளப்பது கல்லீரல் மாற்றி வைத்த டியை. அது இரத்தத்தில் இரண்டு மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். கொழுப்பில் பதுங்கியது இன்னும் சில மாதம் வரும், அவ்வளவே. உங்கள் அம்மா வயலைவிட்டு வந்து நான்கு வருடம். அதன்பிறகு அவர்மேல் பட்ட வெயில், கண்ணாடிக்குப் பின்னால் காலை ஆறரை மணி வெயில். அதில் இரண்டு கோளாறு. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும். ‘பி’ கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கண்ணாடியைத் திறந்தே வைத்தாலும், சூரியன் சாய்வாக இருக்கும்போது கதிர் காற்று மண்டலத்தில் நீண்ட தூரம் குறுக்கே வரவேண்டும். வழியிலேயே ஓசோன் ‘பி’ கதிரை விழுங்கிவிடும். இளவெயிலில் டி இருக்கிறது என்று நம்மூரில் எல்லாரும் சொல்கிறார்கள். பிறந்த குழந்தையை ஆறு மணி வெயிலில் காட்டாத பாட்டி உண்டா? இதமாக இருக்கும். டி மட்டும் இருக்காது.

திருப்பதியில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தோலில் இருக்கிற அந்தப் பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, நாள் முழுக்க மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்ததில், காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரைதான் மாற்றம் அதிகமாக நடந்தது. சென்னைக்கும் திருப்பதிக்கும் வெயிலில் பெரிய வித்தியாசம் இல்லை. கடிகாரம் பார்க்கப் பிடிக்காதவர்களுக்கு ஒரு அடையாளம்: நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற நேரம். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள், உடனே புரிந்துகொள்வார்: வடகம் காய்கிற வெயில்.

அந்த வெயிலில் மொட்டைமாடியில், முகமும் முன்கையும் கெண்டைக்காலும் வெளியே தெரிய, இருபது முப்பது நிமிடம், வாரத்தில் மூன்று நான்கு நாள். சித்திரை வைகாசியில் பத்தரைக்கே போய்விட்டு வரட்டும்; கையில் தண்ணீர் இருக்கட்டும்; தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும். கறுத்த தோலுக்கு அதிக நேரம் தேவை, ஏனென்றால் தோல் நிறமி குடைபோல மறைக்கும். வயது ஏற ஏற அந்த மூலப்பொருளே தோலில் குறைந்துவிடும். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன்: 9-இல் நிற்கிற 64 வயதுக்காரரை வெயிலால் மட்டும் தூக்கிவிட முடியாது. பாக்கெட் முடிந்தபிறகு திரும்ப விழாமல் பார்த்துக்கொள்ள வெயில் உதவும். மூன்று மாடி ஏறவே பயப்படுகிறவர் மொட்டைமாடிக்கு எப்படிப் போவார் என்று நீங்கள் கேட்கலாம். லிஃப்ட் இல்லையென்றால் முதல் இரண்டு மாதம் வெயிலை மறந்துவிடுங்கள், மருந்து அதைப் பார்த்துக்கொள்ளும்.

வலிக்கிற காலை வெயிலில் நீட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு பெர்லின் ஞாபகம்தான் வந்தது. முதல் உலகப் போர் முடிந்த சமயம், ஐரோப்பிய நகரங்களில் ரிக்கட்ஸ் வந்து கால் வளைந்த குழந்தைகள் ஏராளம். 1919-இல் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் அப்படிப்பட்ட குழந்தைகளைப் புறஊதா விளக்கின் முன் வைத்துப் பார்த்தார். எலும்பு தேறியது. பிறகு ஒரு கையில் மட்டும் வெளிச்சம் படும்படி வைத்தார். எக்ஸ்-ரேயில் பார்த்தால் வெளிச்சம் படாத கையும் சேர்ந்தே குணமாகியிருந்தது. அதாவது வெளிச்சம் எலும்பை நேராக ஆற்றவில்லை. தோலில் ஏதோ ஒன்று உண்டாகி இரத்தத்தோடு உடம்பெல்லாம் போகிறது. அந்த ஏதோ ஒன்றுக்கு வைட்டமின் டி என்ற பெயர் அமைந்தது அதற்குப் பின்னால்தான். எனவே அம்மா எந்தப் பாகத்தைக் காட்டினாலும் சரி, இடுப்பு எலும்புக்கு அது போய்ச் சேரும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரிக்கு வருகிறேன். 9 என்ற எண் இல்லை. கையை ஊன்றித்தான் எழுகிறார், படிக்குப் பயப்படுகிறார் என்பதுதான்.

டியின் முக்கிய வேலை, நாம் தின்பதிலிருந்து கால்சியத்தைக் குடல் இழுத்துக்கொள்ளச் செய்வது. டி போதுமான அளவு இருந்தால் சாப்பிட்ட கால்சியத்தில் நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு இரத்தத்துக்கு ஏறும். இல்லாவிட்டால் பத்துப் பதினைந்துதான். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தாங்காது. எனவே கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். கூடவே பாஸ்பேட்டைச் சிறுநீரில் தள்ளிவிடும். இரத்தக் கால்சியம் நார்மல் என்று ரிப்போர்ட் சொல்லும். எலும்பு கடன்பட்டுக்கொண்டே இருக்கும். இது நெடுநாள் நீடித்தால் புதிதாக உருவாகிற எலும்பில் தாது சேராது. கம்பி கட்டி, பலகை அடித்து, கான்கிரீட் ஊற்றாமல் விட்ட தூண் மாதிரி. குழந்தைக்கு வந்தால் ரிக்கட்ஸ், பெரியவர்களுக்கு வந்தால் ஆஸ்டியோமலேசியா என்று பெயர். இடுப்பு, விலா, கணைக்கால் எலும்பை அழுத்தினால் வலிக்கும். தொடையும் இடுப்புத் தசையும் சேர்ந்து சோர்ந்துவிடும். அதனால்தான் தரையிலிருந்து எழ முடியாமல் போகிறது. சிலருக்கு நடையே வாத்து போல ஆடும். ‘வயசாகிறதல்லவா’ என்றும் ‘மூட்டுத் தேய்மானம்’ என்றும் வருடக்கணக்கில் வலி மாத்திரையோடு ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருகிற எலும்புப் புரை, அதாவது ஆஸ்டியோபொரோசிஸ், இதிலிருந்து வேறு. அதில் கம்பியும் கான்கிரீட்டும் இரண்டுமே மெலிந்துபோகும். எலும்பு முறிகிறவரை வலிக்காது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. இரண்டிலும் எண் குறைவாகவே காட்டும். அதைப் பார்த்துவிட்டு வருடத்துக்கு ஒரு முறை போடுகிற எலும்பு ஊசியை அவசரப்பட்டுப் போட்டால், டி இல்லாத உடம்பில் கால்சியம் திடீரென்று சரிந்து, விரல் இழுத்துக்கொள்ளும், வலிப்புகூட வரலாம். அதனால் டெக்ஸா எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், ஆனால் முதலில் டி நிரம்பட்டும்.

உங்கள் டாக்டரிடம் நீங்களாகவே கேட்க வேண்டிய சில டெஸ்டுகள் இருக்கின்றன: கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ், கிரியேட்டினின், கூடவே பாராதைராய்டு ஹார்மோன். ஆஸ்டியோமலேசியாவில் ஆல்கலைன் பாஸ்படேஸ் பெரும்பாலும் உயர்ந்திருக்கும். சிகிச்சை தொடங்கியபின் மெல்ல இறங்கும். சிறுநீரகம் பழுதாக இருந்தால் சிகிச்சையே வேறு, ஏனென்றால் டி கடைசியாக வேலைசெய்யும் வடிவத்துக்கு மாறுவது சிறுநீரகத்தில்தான். அரையிடுக்கில் வலி இருந்து, காலை ஊன்றும்போது சுருக்கென்றால் இடுப்புக்கு ஒரு எக்ஸ்-ரே எடுங்கள். மெலிந்த எலும்பில் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை முறிவு இருக்கலாம். எடை குறைகிறது, இரத்தசோகை இருக்கிறது, இரவில் வலி எழுப்பிவிடுகிறது என்றால் எல்லாப் பழியையும் டிமேல் போட்டுவிடாதீர்கள். அந்த வயதில் எலும்பு வலிக்கு வேறு காரணங்களும் உண்டு, அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். இன்னொன்று: எப்போதாவது வலிப்பு மாத்திரை எடுத்தாரா? பெனிடாயின், பெனோபார்பிட்டோன், கார்பமசெபின் மூன்றும் டியைச் சீக்கிரம் அழித்துவிடும். பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். காசநோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் அதிக அளவு டி கூடாது. அந்த நோயில் உடம்பே கட்டுப்பாடில்லாமல் வீரிய வடிவ டியைத் தயாரித்துக் கால்சியத்தை ஏற்றிவிடலாம்.

எதிர் வீட்டம்மாவின் ஊசிக்கு வருவோம். நம்மூரில் 6 லட்சம் யூனிட் ஊசி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. ஒரே குத்தில் வேலை முடிந்தது என்ற வசதி. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,200-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறிவு குறையும் என்று எதிர்பார்த்தே தொடங்கியது அது. 2010-இல் முடிவு வந்தபோது, மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகம் விழுந்திருந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்திருந்தது. குடலில் எதுவும் ஏறாத நோய் இருப்பவருக்கு ஊசி தேவைப்படலாம். உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். எட்டு வாரத்தில் அவர் சாப்பிடப்போவது மொத்தம் 4,80,000 யூனிட். அளவில் ஊசிக்குப் பெரிதும் குறைவில்லை, ஆனால் உடம்பு தாங்குகிற வேகத்தில் போகும். அதன்பிறகு மாதம் ஒரு பாக்கெட் என்று சொல்வார்கள். அது நாளுக்கு 2,000 கணக்கு. தொடங்கி மூன்று மாதம் கழித்து ஒரு முறை டியையும் கால்சியத்தையும் பார்த்தால் போதும். மாதாமாதம் டெஸ்ட் எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள்.

கால்சியத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் நடக்கிற ஒரு தப்பை என்னால் இங்கிருந்தே ஊகிக்க முடிகிறது. தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் காலையில் ஒன்றாகவே உள்ளே போகின்றன, சரிதானே? அப்படிப் போனால் கால்சியம் தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏற விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் விடிகாலையில். கால்சியம் மதியமோ இரவோ சாப்பாட்டோடு. நாளொன்றுக்கு அவருக்குத் தேவை 1,200 மில்லிகிராம். அதெல்லாம் மாத்திரையாக வரவேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, முருங்கைக்கீரையில் 300-ஐ ஒட்டி, ஒரு டம்ளர் பாலில் 240 போல. எள்ளில் இன்னும் அதிகம், ஆனால் யார் நூறு கிராம் எள் தின்கிறார்கள்? முள்ளோடு சாப்பிடும் நெத்திலி நல்லது. மத்தியும் அயிலையும் கால்சியத்தோடு டியும் கொஞ்சம் தரும். முட்டையில் டி இருக்கிறது என்று நம்பி உட்கார முடியாது; ஒரு மஞ்சள்கருவில் சுமார் 40 யூனிட்தான். டி சேர்த்த பால் பாக்கெட்டில் நீல நிறக் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் இருக்கும், அதைப் பார்த்து வாங்கலாம்.

கல் பயம் பாதி உண்மை. சாப்பாட்டில் வருகிற கால்சியம் கல்லைக் கூட்டாது. குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிக் கல் வராமல் தடுக்கவே செய்யும். அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கால்சியமும் டியும் மாத்திரையாகக் கொடுத்துப் பல வருடம் கவனித்த பெரிய ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்குக் கல் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. எனவே சாப்பாட்டில் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மட்டும் மாத்திரை. அம்மாவுக்கு இப்போது 500 மில்லிகிராம் போதும் என்பது என் எண்ணம், அதுவும் சாப்பாட்டோடு. அட்டையில் 1,250 கால்சியம் கார்பனேட் என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம், அதில் உள்ள கால்சியம் 500-தான். முன்பே கல் வந்தவர் என்றால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அப்புறம், உங்கள் 22. நீங்கள் பாக்கெட் வாங்க வேண்டாம். பல லேப்கள் 30-க்குக் கீழே எதைப் பார்த்தாலும் ‘குறைவு’ என்று அச்சடிக்கின்றன. 20 இருந்தால் எலும்புக்குப் போதும் என்று அமெரிக்காவின் மருத்துவக் கழகக் குழு 2010-இலேயே சொல்லிவிட்டது. 30 வேண்டும் என்று ஒரு காலத்தில் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024-இல் அந்த இலக்கைக் கைவிட்டுவிட்டது. தொந்தரவு ஏதும் இல்லாத பெரியவர்களுக்கு டி டெஸ்ட் எடுக்கவே வேண்டாம் என்கிறது இப்போது. 2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், டி குறைவு இருக்கிறதா என்று பார்க்காமலே ஐம்பது வயது தாண்டிய ஏறக்குறைய 26,000 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு நாளுக்கு 2,000 யூனிட் ஐந்து வருடம் கொடுத்தார்கள். எலும்பு முறிவில் வித்தியாசமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு டி போதுமான அளவு இருந்தது. நிரம்பிய குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும். அம்மாவின் 9 என்பது நோய். உங்கள் 22 ஒரு எண். வாரத்தில் சில நாள் மதிய இடைவேளையில் ஆபீஸ் வாசலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள், அது போதும்.

அம்மாவுக்கு முதலில் தெம்பு வருவது தொடையில்தான். சில வாரங்களில் எழுந்திருப்பது கொஞ்சம் லேசாகும். எலும்பு வலி முழுதாக அடங்க மாதங்கள் ஆகலாம். மூன்றாவது பாக்கெட்டிலேயே ‘ஒண்ணும் கேக்கலை’ என்று அவர் மருந்தை நிறுத்தச் சொல்வார், விடாதீர்கள். அதுவரை தரையில் உட்கார வேண்டாம், கைப்பிடி உள்ள நாற்காலி போடுங்கள். குளியலறை வாசலில் கிடக்கிற மிதியடியை எடுத்துவிடுங்கள், இரவில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியை, தெம்பு வந்ததும், காலையில் ஐந்து மாலையில் ஐந்து என்று தொடங்கலாம். முதல் வாரம் எத்தனை முறை முடிந்தது என்று அதே காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது டெஸ்ட் ரிப்போர்ட்டோடு அந்தத் தாள்களையும் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள்.